துறைமுகம் நோக்கிப் போன மருத்துவமனை

மார்ச் 9. மருத்துவமனை நேற்று இரண்டு மைல் நகர்ந்ததாக எழுதியிருந்தேன். தவறு. இரண்டு மைலும் பதினோரு அடியும். வாசற்படியை விட்டுவிட்டுச் சுவரிலிருந்து அளந்துவிட்டேன்.

மாலை வகுப்புக்காக இப்படி நாட்குறிப்பு எழுதிவந்த பெண், பகலில் நகராட்சியில் தூரம் அளந்து எழுதும் எழுத்தர். மருத்துவமனையைக் கட்டிக்கொடுத்தது கடலுக்கு அப்பால் ஒரு பெரிய நாடு. எல்லை மலைக்குப் பின்னால் எதிரி இருப்பதாக அது பயந்த காலத்தில், மலையடியில் நூறு கட்டில்களோடு எழுப்பியது. பதினோரு ஆண்டுகளில் அந்தப் பயம் துறைமுகத்தின் பக்கம் திரும்பியது; மருத்துவமனையும் திரும்பியது. நோயாளிகளோடும் சுற்றும் மின்விசிறிகளோடும், தம்ளர் தண்ணீர் தளும்பாமல் வயல்களைக் கடந்தது. போன தடத்தில் ஒரு புல்லும் மடங்கவில்லை. களையெடுக்கையில் நிமிர்ந்தவர்கள் நிமிர்ந்தபடியே நின்றார்கள்.

அவளுடைய அக்காவுக்கு நிறைமாதம். முன்பு இரண்டு கரு தங்கவில்லை. அன்று இருட்டுவதற்குள் மருத்துவமனை, பாலமில்லாத ஆற்றைத் தாண்டிவிடும்.

"மாசாமாசம் அந்த நாட்டுக்கு அறிக்கை அனுப்புறியே," என்றார் அக்காவின் கணவர். "மலையில சந்தேகமா புகை தெரியுதுன்னு ஒரு வரி போடு. ஆஸ்பத்திரி தானா நின்னுடும்."

"அது ஆடு மேய்க்கிறவர் அடுப்பு மாமா."

"வந்து பாத்துக்கட்டும்."

"பாக்க வர்றவங்க ஸ்டெதஸ்கோப்போடவா வருவாங்க?"

ஆனாலும் எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்ததும், தூரத்தில் மருத்துவமனை நின்றது. அதே நொடியில் மலைமேல் ஒரு விமானம் வட்டமிடத் தொடங்கியது. ஆடுகள் சிதறி ஓடின. அவள் அந்த வரியை அடித்தாள். விமானம் போய்விட்டது, மருத்துவமனை நகர்ந்தது.

"அடிச்சிட்டியா?" என்று கேட்டாள் அக்கா.

"அடிச்சிட்டேன்க்கா."

"சரி, வண்டியக் கூப்பிடு. வலி எடுத்துடுச்சு."

ஆற்றங்கரையில் மருத்துவமனையை எட்டிப் பிடித்தார்கள். வண்டி பக்கத்திலேயே ஓட, படியில் நின்ற நர்ஸ் கையை நீட்டினாள். "ஏறுங்கம்மா, சீட்டெல்லாம் அப்புறம் போடலாம்." அக்கா ஏறியதும் கட்டடம் தண்ணீரின்மேல் ஏறியது. ஆறு அதன் அடியில் சத்தமில்லாமல் ஓடியது. கரையில் ஊரே கூடி நிற்க, நடு ஆற்றில் ஜன்னல் வழியாக ஒரு குழந்தையின் அழுகை வந்தது. பெண் குழந்தை. மூன்று கிலோ.

மார்ச் 9, இரவு. நாளை முதல் படகில் அக்காவுக்கு மாற்றுத் துணியும் வெந்நீரும் கொண்டுபோக வேண்டும். மருத்துவமனை எங்கே நிற்கிறதென்று அக்கரையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.