இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம்

...ஆனால் தீர்ப்பு தொடங்குவதே இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தானே, தொடங்காத தீர்ப்பிலிருந்து ஒரு வாக்கியத்தை எப்படி எடுக்க முடியும், என்று வெஸ்லி ராட்லிஃப் புத்தகத்தை மூடாமலே விரலை இடையில் வைத்துக்கொண்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தான், சரியான தொகுதிதான், 1887, சரியான வழக்குதான், பீபிள்ஸ் எதிர் லாக். நீதிபதியின் சட்ட உதவியாளனாகப் போன வெள்ளிக்கிழமை தானே தட்டச்சு செய்த தீர்ப்பு வரைவை எடுத்து மடியில் விரித்தான், அதிலும் 211 என்றுதான் இருக்கிறது, எப்படி இல்லாமல் போகும், 1978ஆம் வருடத் தீர்ப்பில் 211 என்று இருந்தது, அதைப் பார்த்து இவன் எழுதினான், அவர்கள் 1931ஐப் பார்த்து எழுதியிருப்பார்கள்... 1931இல் எழுதியவர் எதைப் பார்த்தார்? நீதிமன்றத்தின் அடித்தளத்தில் இருக்கும் இந்த நூலகத்துக்கு யாரும் வருவதில்லை, எல்லாம் கணினியிலேயே கிடைக்கிறது, கணினியில் இந்த வாக்கியத்தைத் தட்டினால் பதினான்கு தீர்ப்புகள் வந்து வரிசையாக நிற்கும், பதினான்கும் ஒரே சொற்களில் ஒரே குரலில். அவ்வளவு பேர் சொன்ன பிறகு மூலத்தைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும், அவனுக்கும் தோன்றவில்லை, இன்று காலைவரை தோன்றவில்லை. மணி பன்னிரண்டு இருபது. ஒன்றரைக்கு ஜட்ஜ் ஸ்ட்ரௌட் மேடையேறி இவன் எழுதிய தீர்ப்பை வாசிப்பார், வாசித்து முடித்தால் முப்பது நாளில் வெர்னா டில்லர்ட் தன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

வீடு அவளுடையது, நிலம்தான் அவளுடையது இல்லை. எழுபத்தெட்டு வயது. 1983இல் குரோவர் கூம்ஸ் என்பவர் அவள் கணவனின் கையைப் பிடித்து, இந்த மேட்டில் வீடு கட்டிக்கொள், நீங்கள் இருவரும் இருக்கும்வரை இருங்கள் என்று சொல்லியிருக்கிறார், இருவரும் ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். கணவன் போய்விட்டான், போன குளிர்காலத்தில் கூம்ஸும் போய்விட்டார், அவர் மகன் ரேண்டல் வந்து காகிதம் எங்கே என்கிறான். சாட்சிக் கூண்டில் அவளிடமும் அதையே கேட்டார்கள், ஏன் எழுதி வாங்கவில்லை என்று. அவள், "குரோவர்கிட்ட எழுதி வாங்குறதா? அதுக்கு அவர் மூஞ்சியில துப்பியிருக்கலாமே" என்றாள். நீதிமன்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள், ரேண்டல்கூடச் சிரித்தான், அவன் அப்பாவைத் தெரிந்தவனாயிற்றே. எது சட்டம் என்று அன்றைக்கே வெஸ்லி வரிசையாகத் தேடினான். நாட்டின் அரசியலமைப்பில் வெர்னாவின் மேட்டைப் பற்றி ஒன்றுமில்லை. மாநில அரசியலமைப்பிலும் இல்லை. கவுண்டி எனும் மாவட்டத்தின் விதிகளில் வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பது இருக்கிறது, கோழிகளைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில், நிலம் பற்றிய வாக்கு எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்திலேயே அவனுக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும் இன்னொரு பிரிவு, முதலாம் ஜேம்ஸ் அரசனின் நான்காம் ஆட்சியாண்டுவரை இங்கிலாந்தில் இருந்த, நீதிபதிகளின் தீர்ப்புகளால் வளர்ந்த பொதுச் சட்டம் இங்கும் செல்லும் என்று. அரசனே வேண்டாமென்று சண்டை போட்டுப் பிரிந்தவர்கள், அவன் ஆட்சியாண்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்... எதையும் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்க மனிதர்களுக்குப் பயம்தான் போலும். மிச்சம் இருப்பது தீர்ப்புகள். வாய்வாக்கை நம்பி ஒருவன் வீடே கட்டிவிட்டால் அவனைக் கிளப்பக் கூடாது என்று பல மாநிலங்களில் நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். இங்கே மட்டும் இந்த ஒரு வாக்கியம் குறுக்கே படுத்திருக்கிறது: வாய்மொழியாகத் தந்த அனுமதியை, பெற்றவர் அதை நம்பி என்ன கட்டியிருந்தாலும், தந்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

அந்த வாக்கியம் இதோ, 211ஆம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். தீர்ப்பில் இல்லை. தீர்ப்புக்கு மேலே, தொகுதியை அச்சுக்குத் தயார் செய்த ஆள் தன் கையால் எழுதிச் சேர்த்த தலைக்குறிப்பில். சட்டக் கல்லூரியில் முதல் மாதமே சொல்லிவிடுவார்கள், தலைக்குறிப்பு நீதிபதியின் சொல் இல்லை, அது சட்டமில்லை, வழிகாட்டிப் பலகை மாதிரி, அவ்வளவுதான் என்று. அவன் தீர்ப்பை முழுவதும் படித்தான், ஆறு பக்கம், ஒரு வண்டிப்பாதையைப் பற்றிய தகராறு, வண்டி ஓட்டியவன் எதையும் கட்டவில்லை. கடைசிக்கு முந்திய பத்தியில் அந்த நீதிபதி தெளிவாகவே சொல்கிறார், அனுமதியைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதை நம்பி ஒருவர் வீடோ ஆலையோ கட்டியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நம்முன் இல்லை, அதற்கு இன்று விடை சொல்லப்போவதில்லை. விடை சொல்லவில்லை. சொல்லாத விடையை மேலே ஒருவன் எழுதி வைத்துவிட்டான். முகப்பில் பெயர் இருக்கிறது, தொகுத்தவர் இ. டபிள்யூ. மார்ஷ். யார் அவன், அன்று மத்தியானம் என்ன சாப்பிட்டான், எத்தனை வழக்குகளைச் சுருக்கிய களைப்பில் இருந்தான், கடைசிப் பத்திகளைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டினானா... 1931இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் யாரோ அவசரத்தில் தலைக்குறிப்பையே எடுத்துப் போட்டார்கள், அந்த வழக்கிலும் ஒரு வேலிதான், வீடு இல்லை, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. பிறகு ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று நூறு வருடம்... சரி, நூறு வருடம் எல்லோரும் சட்டம் என்று நம்பி நடந்தால் அது சட்டம்தானே? நம்பி நிலம் வாங்கினார்கள், விற்றார்கள். பிழையாகப் பிறந்தது என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடுமா? அப்படியானால் குரோவரின் சொல்லை நம்பி நாற்பது வருடம் வாழ்ந்ததற்கு என்ன பெயர்?

படியில் காலடிச் சத்தம், ஓடெல், நீதிமன்றக் காவலர், ஒரு கையில் காகிதத்தில் சுற்றிய சாண்ட்விச். "என்ன வக்கீலய்யா, இங்கேயே குடிவந்தாச்சா? வாடகைக்கு எழுதி வாங்கிக்கோ, அப்புறம் உன்னையும் கிளப்பிடுவாங்க." வெஸ்லி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து ஓடெல் புத்தகத்தை எட்டிப் பார்த்தான். பதினான்கு நீதிபதிகள் ஒரு குமாஸ்தாவின் வரியை நீதிபதியின் வரி என்று நினைத்துவிட்டார்கள் என்று இவன் சொன்னான். ஓடெல் மென்றுகொண்டே யோசித்தான், அப்புறம், "சரி, அதைத் திருத்த யாருக்கு அதிகாரம்?" என்றான். அதுதான். இருபது வருடம் கதவருகே நின்று கேட்டவனுக்கு நேரே அந்த இடத்தில் போய் விழத் தெரிந்திருக்கிறது. ஏனென்றால் 1978 வழக்கில் இருந்தது வேலியில்லை, வீடு. நான்கு பிள்ளைகளோடு ஒரு குடும்பத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் நிஜமாகவே வெளியேற்றியிருக்கிறது, இந்த வாக்கியத்தை வைத்து. அந்த நீதிமன்றம் இதற்கு மேலே. மேலே இருப்பவர்கள் தவறாகச் சொன்னாலும் கீழே இருப்பவர் கட்டுப்பட வேண்டும், தவறு என்று ஓர் ஓரத்தில் எழுதலாம், எழுதிவிட்டு வெர்னாவுக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அவள் மேலே போய்க் கேட்கலாம், மேலே போய் வர இரண்டு வருடம் ஆகும். மூலம் தவறு. ஆனால் கிளை வீடுகளை இடித்திருக்கிறது. எதற்குக் கட்டுப்படுவது?

மாடிக்குப் போகும் வழியில் பெஞ்சில் வெர்னா உட்கார்ந்திருந்தாள், தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மூடிப் பிடித்த மாதிரி அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு. வழக்கில் இருப்பவர்களோடு நீதிமன்ற ஆட்கள் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, அதனால் அவன் தலையை மட்டும் அசைத்தான். அவளுக்கு அந்த விதி தெரியாது. "ஐயா, பீங்கான் எல்லாத்தையும் செய்தித்தாள்ல சுத்தி வச்சிட்டேன். பிரிச்சு அடுக்கலாமா, அப்படியே இருக்கட்டுமான்னு மட்டும் சொன்னா போதும்" என்றாள், பஸ் நேரம் கேட்பவளைப் போல. அவன் நின்றுவிட்டான். நின்று, பேசக் கூடாது அம்மா என்றான், அதைச் சொல்வதே ஏதோ சொன்னதாகிவிடுமோ என்று பயந்து வேகமாக நடந்தான்.

ஜட்ஜ் ஸ்ட்ரௌட் அறையில் நின்றபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தார், நாற்பத்தொரு வயது, போன நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், ஒரு காலையில் இருபத்தேழு வழக்கு. அவன் சொல்வதைக் கவனமாகவே கேட்டார், புத்தகத்தை வாங்கி 211ஐப் பார்த்தார், கடைசிக்கு முந்திய பத்தியையும் படித்தார், மெல்ல விசில் அடித்தார். "நல்லா பிடிச்சீங்க. அப்ப எழுபத்தெட்டாம் வருஷ வழக்கு?" என்று கேட்டார். அதை இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றான் அவன். ஏன் அப்படிச் சொன்னான், அதைத்தான் மூன்று முறை பார்த்தாயிற்றே, அங்கேயும் வீடு, இங்கேயும் வீடு, கூரையின் நிறம் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லையே... அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வெஸ்லி, இப்ப முழுசாப் படிக்க எனக்கு நேரமில்ல. வரைவுக்கு மேல ஒரு பத்தி சுருக்கமா எழுதுங்க, பழைய வழக்கு என்ன சொல்லுது, நம்ம கை கட்டியிருக்கா இல்லையா. அதை வச்சு முடிவு பண்றேன். உங்கமேல நம்பிக்கை இருக்கு."

தன் மேசையில் உட்கார்ந்தான், ஒன்று ஐந்து. பீபிள்ஸ் வழக்கு இந்தக் கேள்வியைத் திறந்தே விட்டுவிட்டது, என்று எழுதினான், உண்மை. 1931 வழக்கில் கட்டடம் எதுவும் இல்லை, உண்மை. மூன்றாவது வாக்கியம் யோசிக்காமலே விரலில் வந்தது, அதன் பிறகு வீடு கட்டியவர்களின் நிலையை எந்த நீதிமன்றமும் ஆராய்ந்து முடிவு செய்ததில்லை. ஆராய்ந்து... 1978இல் ஆராயவில்லைதான், நான்கே வரி, மேற்கோளைப் போட்டு அனுப்பிவிட்டார்கள், அதனால் பொய்யில்லை, பொய் என்று யாரும் சொல்ல முடியாது, 1978ஐ அடிக்குறிப்பில் போட்டுவிடலாம், அவர் அடிக்குறிப்பைப் படிக்க மாட்டார், அதுவும் அவனுக்குத் தெரியும். வாக்கியம் அழகாக, வழவழப்பாக, முன்பே எங்கோ இருந்ததை எடுத்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. இதை யாராவது நாளை எடுத்து எழுதுவார்களா, பக்க எண்ணோடு... காலையிலிருந்து மார்ஷைக் களைத்துப்போன ஆளாக, கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டிய ஆளாகவே நினைத்துக்கொண்டிருந்தான், மை படிந்த கையும் கொட்டாவியுமாக. இப்போதுதான் தோன்றியது, அந்த ஆள் ஒருவேளை எல்லாப் பக்கமும் படித்திருக்கலாம். இரண்டு முறை. மூன்று முறை. ஜன்னலுக்கு வெளியே அவன் ஊரில் யாரோ ஒருவரின் மேடும் யாரோ ஒருவரின் வீடும் இருந்திருக்கலாம், எந்தப் பக்கம் நியாயம் என்று அவனும் உறுதியாக நம்பியிருக்கலாம். தாழ்வாரத்தில் ஓடெல் எல்லோரையும் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. வெஸ்லி மூன்றாவது வாக்கியத்தின் முடிவில் விரலை அழித்தல் பொத்தான்மேல் வைத்தான், வைத்தபடி அதை இன்னொருமுறை படித்தான், அதில் எங்கேயும் பிழை இல்லை.