வாய்க்காலில் மிதந்தவை

மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் விட்டு மூன்று மாதமாகியிருந்த தம்பு, உயிலங்குளத்தில் தன் வயலோரமாக ஸ்கூட்டியை நிறுத்திய மீன்காரி செலீனாவைக் கண்டதும் கையை வீசி விரட்டினார்.

“அங்கால கொண்டு போ பிள்ளை. உயிரைக் கொன்று விக்கிறது பாவம்.”

செலீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன போகம்வரை இதே பெட்டியைக் கிளறிக் கிளறிப் பாரை மீன் எடுத்த மனுசன்! திட்ட வாயெடுத்தவளின் கண் வாய்க்காலில் விழுந்தது. காலையில் அவர் நெல்லுக்கு அடித்த மருந்து அதில் இறங்கி, விரால் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

இரண்டு கையாலும் அள்ளிவந்து அவருடைய சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில் கொட்டினாள்.

“இது ஆர் கொன்றது?”

“நான் பூச்சிக்கெல்லோ அடிச்சனான்,” என்றார் தம்பு.

“பூச்சிக்கு உயிரில்லையோ? நான் கொன்றதை நாலு வீடு தின்னும். நீங்கள் கொன்றதைக் காகமும் தின்னாது, அண்ணை!”