ஹென்றியின் பூரணத்துவம்

திருவொற்றியூர் ஸ்டவ் கம்பெனியின் சோதனைப் பிரிவில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அது தலைமைச் செக்கருக்கு. மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, ஸ்டவ்வின் எண்ணெய் டேங்கை நீரில் அமுக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை. வராவிட்டால் முத்திரை.

ஹென்றி பல வருடங்களாக நின்றுகொண்டிருந்தான். கால் விரல்களுக்கிடையே சேற்றுப்புண் ஆறியதே இல்லை. அதனால் டேங்குகளை நீரில் அமுக்குவதை எப்போதோ விட்டுவிட்டான். விரலால் ஒரு தட்டு, ஒரு முத்திரை. அவன் வீட்டில் விறகடுப்பு.

தலைமைச் செக்கர் ஓய்வு பெற்றார். ஹென்றிக்கு அந்த நாற்காலி வேண்டும்.

நிர்வாகம் இம்முறை விஞ்ஞானப்படி தேர்ந்தெடுக்க முடிவு செய்தது. பதுருன்னிசா என்ற மனோதத்துவ விரிவுரையாளர் வந்தார். எதையும் குறையின்றிச் செய்ய வேண்டும் என்ற தவிப்புக்குப் பூரணத்துவ நாட்டம் என்று பெயர். அதை அவர் அளந்து தருவார். அவரிடம் தொண்ணூறு கேள்விகள் இருந்தன.

"காகிதத் தட்டுப்பாடு மேடம். ஒரே பக்கத்துல அடங்கணும்" என்றார் பணியாளர் அதிகாரி பக்தவச்சலம்.

கேள்விகள் பத்தாகின. பத்தில் அளந்தாலும் முடிவு மாறாது என்றார் பதுருன்னிசா.

சனிக்கிழமை செக்கர்களிடம் தாளைக் கொடுத்து, வீட்டில் நிரப்பி வரச் சொன்னார்கள். அன்று மாலை ராயபுரம் மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் முடித்து வந்த ஹென்றியும் மனைவி பிலோமியும் தாளோடு உட்கார்ந்தார்கள். பிலோமி வாசித்தாள்.

"'சிறு தவறு செய்தாலும் என் மனம் உறுத்தும்.' எப்பொழுதும், சில சமயம், இல்லவே இல்லை. இன்னா போடறது?"

"இல்லவே இல்லன்னு போடு."

"மனசாட்சி இல்லாத ஆளா நீ? இப்பதான ஃபாதராண்ட மண்டி போட்டுட்டு வந்தே. நான் ஒரு தப்பும் பண்ணல ஃபாதர்னு சொல்லிக்கினா வந்தே?"

"அப்டி சொன்னா, போய் நல்லா ரோசனை பண்ணிட்டு வான்னு வெரட்டுவாரு."

"அக்காங். இவங்களும் அத்தான் கேக்கறாங்க. கொறைச்சு சொன்னா பொய்யின்னு கண்டுபுடிச்சிடுவாங்கய்யா."

பத்துக் கேள்விகளுக்கும் 'எப்பொழுதும்' என்று போட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஹென்றி, கோயிலில் பாவமன்னிப்பு கேட்கும் பழக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டான்.

புதன்கிழமை பக்தவச்சலத்தின் அறைக்குக் கூப்பிட்டார்கள். பதுருன்னிசா எழுந்து நின்று அவனைப் பார்த்தார்.

"முழு மதிப்பெண். எந்த ஊரிலும் எனக்கு இப்படி ஒருவர் கிடைத்ததில்லை."

ஹென்றி சிரித்தான்.

"ஆகவே இவரைத் தலைமைச் செக்கராக்கக் கூடாது" என்றார் அவர். "எதிலும் குறை காண்பார். ஒரு ஸ்டவ்வும் வெளியே போகாது."

பக்தவச்சலத்தின் முகம் மாறியது. "ஐயோ, லோடு நிக்கக் கூடாது."

"நான் அப்டிப்பட்ட ஆளு இல்லம்மா" என்றான் ஹென்றி. "தண்ணியில முக்கறதே இல்ல. ஒரு தட்டு தட்டுவேன், முத்திரை குத்துவேன். அவ்ளோதான்."

பதுருன்னிசா குறித்துக்கொண்டார். "ஏழாவது கேள்வி. தன் வேலை போதாது என்று இவருக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்."

"தோணல்லாம் இல்லம்மா. நெஜமாவே போதாது."

"சாதாரணமானவர் இப்படி ஒப்புக்கொள்வாரா?"

"மாட்டார்" என்றார் பக்தவச்சலம். எத்தனையோ விசாரணைகள் நடத்தியவர்.

ஹென்றி ஓடினான். வெளியே போகக் காத்திருந்த சரக்கிலிருந்து தன் முத்திரை குத்திய டேங்க் ஒன்றை எடுத்து வந்து, பக்தவச்சலம் கை கழுவும் தொட்டியில் அமுக்கினான். குமிழிகள் வந்தன.

"பாரு சார். நான் பாஸ் பண்ணதுதான்."

பதுருன்னிசாவின் குரல் தழைந்தது. "அத்தனை சரக்கில் ஓட்டை எது என்று நேராகப் போய் எடுக்கிறார். எவ்வளவு நாளாக மனதில் வைத்துக் குமைந்தாரோ."

"எத்த எடுத்தாலும் இப்டித்தாம்மா கீது."

பக்தவச்சலம் அவன் தோளைத் தொட்டார். "ஒடம்பப் பாத்துக்க, ஹென்றி."

நாற்காலி, தொட்டியருகே ஹென்றியோடு நின்றிருந்த மாசானத்துக்குப் போனது. அவன் பத்துக்கும் 'சில சமயம்' போட்டிருந்தான். ஹென்றி தொட்டியிலேயே இருக்க வேண்டும், அங்கே அவனுக்கு நிகர் இல்லை என்று அறிக்கை சொன்னது.

அதன்பின் கம்பெனிக்கு யார் வந்தாலும் பக்தவச்சலம் தொட்டியருகே அழைத்து வந்து ஹென்றியைக் காட்டினார். ஆள் பார்க்கும்போது தட்டிவிட்டுக் குத்த முடியாது. ஹென்றி அமுக்கினான். மாசானம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

"நல்லா அமுக்கும்வே. ஒம்ம மாதிரி ஆளு எங்க கெடைக்கும்?"

குமிழிகள் வந்தன. தள்ளப்பட்ட டேங்குகள் சுவரோரம் குவிந்தன. லாரி காலியாக நின்றது.

பக்தவச்சலம் குவியலைச் சுற்றி வந்தார். பிறகு அறைக்குப் போய்ப் பதுருன்னிசாவுக்குப் போன் செய்தார்.

"நீங்க சொன்னது சரி மேடம். அவனுக்கு ரொம்ப முத்திடுச்சு."