பூஜ்ஜியம் காட்டிய வடிகட்டிகள்

சோதனைக் கருவியின் எண்ணெய்ப் புட்டியைக் கழுவலாம் என்று மூடியைத் திறந்தவன், அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை.

முலாம் பூசும் கூடத்தில் புதிதாக மாட்டிய ஆறு வடிகட்டிகளைக் காலையில் அவன்தான் சோதித்தான். அமிலத் தொட்டிகளிலிருந்து எழும், கண்ணுக்குத் தெரியாத துளிகளை அவை பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் கூடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். புட்டியின் எண்ணெயைப் புகையாக்கி வடிகட்டியின் ஒரு பக்கம் விட்டால், மறுபக்கம் எவ்வளவு கசிகிறது என்று கருவி காட்டும். ஒவ்வொரு முறையும் முன்பக்கம் புகை வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வடிகட்டிக்குப் பார்த்தான். மற்றவற்றுக்குப் பசி அவசரத்தில் விட்டுவிட்டான். எல்லாம் பூஜ்ஜியம், சான்றிதழில் கையெழுத்தும் போட்டாயிற்று. புகையே இல்லாவிட்டால் ஓட்டை வடிகட்டியும் பூஜ்ஜியம்தானே காட்டும்!

மணி ஒன்றே முக்கால். இரண்டு மணிக்கு ஷிப்ட். அவனுடைய அக்காவும் அதில்தான்.

ஓடினான். கூடத்து வாசலில் தொழிலாளிகள் பழைய முகமூடிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா, பேயைப் பார்த்த மாதிரி ஓடி வர்ற?" அக்கா சிரித்தாள். "இனிமே இந்த மூக்குக் கட்டு வேண்டாமாம். எல்லாம் உன் கையெழுத்து புண்ணியம்!"

ஃபோர்மேன் கதவில் கை வைத்திருந்தார். எல்லாரும் அவரைச் சிடுமூஞ்சி என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும். ஆனால் போன மாதம் அக்காவின் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் கண்முன் வந்து நின்றது. கடவுளே, என் வாயைத் திறந்துவிடு என்று வேண்டிக்கொண்டான்.

"சார், திறக்காதீங்க. நான் செஞ்ச சோதனை தப்பு. நடுவுல எண்ணெய் தீர்ந்துபோச்சு. எப்போன்னு எனக்கே தெரியல."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது.

சிடுமூஞ்சி கையிலிருந்த சான்றிதழை நான்காகக் கிழித்தார். "யாரும் உள்ள போகாதீங்க." பெட்டியிலிருந்து இரண்டு முகமூடி எடுத்து ஒன்றை அவனிடம் நீட்டினார். "வா, ஏணியை நான் பிடிக்கிறேன். உன் கால் ஆடுற ஆட்டத்துக்கு நேரா தொட்டியில போய் விழுவே."

புட்டியை நிரப்பினான். ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் புகையைப் பார்த்த பிறகே மறுபக்கம் போனான். நான்கு தேறின. ஐந்தாவதன் மூலையில் கருவியின் முள் துள்ளியது; அங்கே கசிவு. நேர் கீழே அக்கா நிற்கும் இடம்.

இப்போது திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிட்டு நடுங்குகிறவனுக்கு ஆண்டவன் யாரையாவது துணைக்கு அனுப்பத்தான் செய்கிறான். முகத்தைப் பார்த்து நமக்குத்தான் அடையாளம் தெரிவதில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குல்ல," என்றார் கீழே ஏணியைப் பிடித்திருந்தவர். "மெதுவாப் பாருப்பா. அவசரமே இல்ல."