தாத்தா விழுந்துட்டாரு

பஸ் அவள் முழங்கையை உரசிக்கொண்டு போன அன்றுதான் அவள் சைக்கிளை நடைபாதையில் ஏற்றினாள். காயம் என்று ஒன்றுமில்லை. சட்டைக் கையில் ஒரு கரிக்கோடு, அவ்வளவுதான். ஆனால் அவளுக்குப் பின்னால், கேரியரில் பொருத்திய சின்ன சீட்டில், மூன்று வயது மகள் உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் சட்டையைத் துவைக்கும்போது அந்தக் கோட்டுக்கும் குட்டியின் முழங்கால் இருந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்று விரலை விரித்துப் பார்த்தாள். ஒரு சாண்கூட இல்லை.

அவள் கணவனுக்கு ரொட்டிக் கடை அடுப்பில் வேலை. விடிவதற்குள் கிளம்பிவிடுவான். குட்டியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, பல் செட் செய்யும் பட்டறைக்கு எட்டரைக்குள் போய்ச் சேருவது அவள் பாடு. சீட்டைப் பொருத்தியது அவன்தான். தோளுக்கும் இடுப்புக்கும் பெல்ட், கால் சக்கரக் கம்பிக்குள் போகாதபடி இரண்டு பக்கமும் தடுப்பு, தலைக்கு ஹெல்மெட். பஸ் விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போயிற்று. இனி ரோடே வேண்டாம், நடைபாதையிலேயே போ, யாராவது ஏதாவது சொன்னால் இறங்கி உருட்டு என்றான். ஒன்றரை மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை குட்டி ஒரு செருப்பை ஒளித்து வைத்ததில் பத்து நிமிடம் போயிருந்தது. பாதி வழியில் நடைபாதை குறுகும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் பழைய குடியிருப்பின் சுவர், மறுபக்கம் விளக்குக் கம்பமும் குப்பைத் தொட்டியும். சுவரில் ஒரு பச்சைக் கதவு, படியோ திண்ணையோ இல்லாமல் நேரே நடைபாதையில் திறக்கும். மற்ற நாளில் அவள் அங்கே வேகத்தைக் குறைப்பாள். அன்று குறைக்கவில்லை.

கதவு திறந்தது. ஒரு பெரியவர் இடம் வலம் பார்க்காமல் கால் எடுத்து வைத்தார்.

அவள் இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். தனியாகப் போகும்போது நிற்கிற மாதிரி சைக்கிள் நிற்கவில்லை. பின்னால் இருந்த கனம் முன்னால் தள்ளியது. ஹேண்டில் முனை அவர் விலாவில் இடித்தது. அவர் கையை ஊன்றியபடி விழுந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளை நாள் கணக்கில் அரித்தது. அவள் அவரைத் தூக்கப் போகவில்லை. போக முடியவில்லை. சைக்கிள் சாய்ந்துகொண்டிருந்தது, குட்டி அதில் கட்டுண்டு கிடந்தாள். விட்டால் குட்டி தலைகுப்புற விழுவாள். கால்கள் இரண்டையும் அகட்டி ஊன்றி, ஹேண்டிலைப் பிடித்தபடி, ஒரு மனிதர் தரையில் தானாகப் புரண்டு, சுவரைப் பிடித்து எழுந்து நிற்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டார். பிறகு அவளைப் பார்க்காமல், பின்னால் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. நீ போ."

"ஐயா, கையைக் காட்டுங்க, நான்…"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. போயிடு, சீக்கிரம் போயிடு."

அவள் போனாள். நல்ல மனுஷர் என்று தெருமுனை வரை நினைத்துக்கொண்டாள். தெருமுனை திரும்பிய பிறகுதான், அவர் கையைக் காட்டவே இல்லை என்பது உறைத்தது.

பட்டறையில் அவளுக்கு மெழுகில் பல் வரிசை வைக்கும் வேலை. அன்று முன்பல் நாலும் நாலு திசை பார்த்தன. மேற்பார்வையாளர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா சிரித்தால் பேரப்பிள்ளைகள் அலறி ஓடும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தப் பெரியவரின் தலை தரையில் பட்டதா என்று யோசித்துக்கொண்டே சிரித்தாள். எத்தனை தடவை யோசித்தாலும் அந்த ஒரு நொடி மட்டும் ஞாபகத்தில் இல்லை. வயதானவர்களுக்குத் தலையில் அடிபட்டால் உடனே தெரியாது, எழுந்து நடப்பார்கள், சாப்பிடுவார்கள், ராத்திரி படுத்தால் எழுந்திருக்க மாட்டார்கள் என்று யார் சொல்லி எப்போது கேட்டாளோ, அது மட்டும் சொல் பிசகாமல் ஞாபகம் இருந்தது.

சாயங்காலம் குட்டி அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்து சொன்னாள்: "தாத்தா விழுந்துட்டாரு."

அவன் பதறிப்போய்த் தன் அப்பாவுக்குப் போன் போட்டான். அவர் நன்றாகத்தான் இருந்தார். மாத்திரை போட்டீர்களா, நடக்கும்போது பார்த்து நடங்கள் என்று காரணமில்லாமல் இவன் கேட்க, அவர் எரிச்சலாகிப் போனை வைத்துவிட்டார். குட்டி யாரைச் சொல்கிறாள் என்று அவன் மனைவியைக் கேட்டான்.

"காப்பகத்துல ஏதோ கதை சொல்லியிருப்பாங்க," என்றாள் அவள். கல்யாணம் ஆனதிலிருந்து அவனிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூன்று வயது வாயை மூட அதுவும் இல்லை. மறுநாள் காப்பகத்து ஆயா, வீட்டில் பெரியவர் விழுந்துவிட்டாராமே, இப்போது தேவலையா என்று விசாரித்தார். அதற்கு மறுநாள் மருந்துக் கடைக்காரர் கேட்டார். குட்டி ஒவ்வொரு முறையும் கையை நீட்டி, பொத்தென்று விழுந்தும் காட்டினாள். அவள் சைக்கிளில் ஏறுவதையே விட்டுவிட்டு, குட்டியைச் சீட்டில் வைத்து, வேறு தெரு வழியாக உருட்டிக்கொண்டே போனாள். போலீஸ்காரர் யாராவது தெருவில் நின்றால் முந்தின சந்திலேயே திரும்பிவிட்டாள்.

ஆறாம் நாள் தாங்க முடியாமல் பழைய தெருவுக்கு வந்தாள். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாள். பச்சைக் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே ஐந்தாறு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. இரண்டு ஆண்கள் தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்கள்.

பெரியவர் போய்விட்டார், முடிஞ்சுது என்று நினைத்தாள். அப்படியே திரும்பிப் போய்விடலாம். யாருக்கும் அவளைத் தெரியாது. சைக்கிளை விற்றுவிடலாம். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே குட்டியின் பெல்ட்டைக் கழற்றி, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சைக்கிளைச் சுவரில் சாய்த்துப் பூட்டி, ரோட்டைக் கடந்தாள். ஏன் கடந்தாள் என்று பிறகு கணவன் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாசலுக்கு வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். தலைமயிரெல்லாம் சிமெண்ட் தூசி.

"டைல்ஸ் கடைலேருந்தா வரீங்க? காலையிலேருந்து பார்த்துக்கிட்டிருக்கோம்."

அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக, கூடத்தில், நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. உயிரோடு இருந்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவரும் அவளைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையை மெல்ல உயர்த்தி, வேண்டாம் என்பதுபோல் அசைத்தார்.

அவர் மருமகளான அந்தப் பெண் மூச்சு விடாமல் பேசினாள். மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாராம். அதனால் தரை மொத்தத்தையும் பெயர்த்து, வழுக்காத கல் பதித்து, சுவர் முழுக்கப் பிடிமானக் கம்பி வைக்கிறார்களாம். மூன்று நாளாகக் குளியல் பக்கத்து வீட்டில்தானாம். உள்ளே இருந்து சம்மட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அவங்க வீடு மாறி வந்துட்டாங்க போலிருக்கு," என்றார் பெரியவர் நாற்காலியிலிருந்து. "விடும்மா, போகட்டும்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அன்று சீக்கிரம் போ என்று அவர் விரட்டியது இவளைக் காப்பாற்ற அல்ல. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவள் இத்தனை நாள் பயந்ததுபோலவே அவரும் பயந்திருந்தார், அவள் எங்கே வந்து நிற்பாளோ என்று.

"தாத்தா விழுந்துட்டாரு," என்றாள் குட்டி. சம்மட்டிச் சத்தத்தில் அது அமுங்கிப்போயிற்று.

"குழந்தை என்ன சொல்லுது?"

பெரியவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவர் கண்களில் கெஞ்சல் இருந்தது. ஒன்றுமில்லை, வீடு மாறிவிட்டது என்று சொல்லிவிட்டால் இரண்டு பேர் பயமும் அந்த வாசலோடு தீர்ந்துபோகும்.

"அவர் பாத்ரூம்ல விழலங்க. நான்தான் சைக்கிள்ல வந்து இடிச்சேன். இந்த வாசல்லதான். போன செவ்வாய்க்கிழமை."

மருமகள் உள்ளே போய்ச் சம்மட்டியை நிறுத்தச் சொன்னாள். வீடு திடீரென்று அமைதியானது. திரும்பி வந்து மாமனார் முன்னால் நின்றாள்.

"ஏன் மாமா?"

அவர் மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "இடது பக்கம் எனக்குச் சரியாத் தெரியறதில்ல. ஆறு மாசமா. சொன்னா வெளிய விடமாட்டீங்க."

மருமகள் அவரைத் திட்டவில்லை. கதவருகே வந்து, குட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடங்கின குரலில் சொன்னாள்: "அவர் கண்ணு தெரியாம வந்தாரு. நீங்க கண்ணு தெரிஞ்சு வந்தீங்க. என் சின்னவன் ஸ்கூலுக்கு இந்தக் கதவு வழியாத்தான் ஓடுவான்."

அவள் மன்னிப்புக் கேட்டாள். கேட்டது கேட்டதாக அந்த வாசலிலேயே நின்றுவிட்டது.

அன்றே கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இடித்ததைவிட, தன் அப்பாவுக்குப் போன் போட வைத்து வேடிக்கை பார்த்தாயே என்பதுதான் அவனுக்கு ஆறவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பிரேக் கட்டைகளை மாற்றினான். ஞாயிற்றுக்கிழமை சீட்டில் குட்டிக்குப் பதில் ஒரு மாவு மூட்டையைக் கட்டி, ரொட்டிக் கடையின் பின்புறச் சந்தில் அவளை ஓட்டச் சொன்னான். கனத்தோடு எங்கே பிடித்தால் எங்கே நிற்கிறது என்று அவள் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கற்றுக்கொண்டாள். இனி ரோடுதான், ஓரத்தை ஒட்டிப் போனால்தான் உரசுவார்கள், ஒரு கை தள்ளிப் போ, பின்னால் வருகிறவன் காத்திருக்கட்டும் என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டுப் பிரேக்கை மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

பெரியவருக்கு இடது கண்ணில் புரை என்று கண்டுபிடித்து அறுவை செய்தார்கள். பார்வை திரும்பியது என்று மருமகள் பிறகு ஒருநாள் சொன்னாள். ஆனால் தனியாக வெளியே விட அவர்களுக்கு இன்னும் மனசு வரவில்லை. சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் கடை வரை போய் வந்தார். வழியில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நன்றாகவே பார்க்கிறார் என்பது அதிலேயே தெரிந்தது.

குட்டியோடு முதல் தடவை ரோட்டில் ஓட்டிய காலையில், இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்பியும், காப்பகம் வந்து சேரும்போது அவள் முதுகு நனைந்திருந்தது. இறங்கிப் பெல்ட்டைக் கழற்றப் போனாள். கொக்கியை அழுத்த விரலில் பலம் வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். ஆயா வந்து ஒன்றும் கேட்காமல் கழற்றிக் குட்டியைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் அவளே கழற்றினாள், மூன்றாவது அழுத்தில்.