கோட்டுக்கு உள்ளே

இடைவேளையில் தேநீர் வந்தபோது மெர்லின் உட்காரவில்லை. கஸ்பார் இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேப்பர் கப் விரலைச் சுட்டது. ஒரு வாய்கூடக் குடிக்காமல் அதைக் கை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானம் அது. ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் எண்ணூர் போகும் டிரெய்லர் லாரிகள். சுண்ணாம்பு பற்றாமல் பக்கவாட்டுக் கோட்டில் பாதியைக் கோலமாவால் போட்டிருந்தார்கள். அதுவும் முதல் பாதியிலேயே காலடியில் கலைந்துவிட்டது.

மெர்லின் ராயபுரத்துக்காரி. வார நாட்களில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் விசிலும் மைதானமும். பல வருடங்களாக நான்காவது டிவிஷன் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருக்கிறாள். மேல் டிவிஷனுக்குப் போக வேண்டுமானால் மதிப்பீட்டாளர் ஒருவர் அவள் நடத்தும் மூன்று ஆட்டங்களைப் பார்த்து, தகுதி உண்டு என்று சொல்ல வேண்டும். இரண்டு நல்லபடியாக முடிந்திருந்தன. இது மூன்றாவது. வயது வரம்பு இருந்ததால் அவளுக்கு அடுத்த சீசன் என்று ஒன்று கிடையாது.

மதிப்பீட்டாளர் செங்குட்டுவன் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் பெரிய ஆட்டங்களை நடத்தியவர்.

"ரெஃப்ரிக்கு ரூல் தெரியணும்னு எதிர்பார்க்கிறது தப்பா கஸ்பார்?" என்றார். "போன வாரம் மணலியில ஒரு மேட்ச். கையால எறிஞ்ச த்ரோ-இன் நேரா கோலுக்குள்ள போச்சு, அது கோலே கிடையாது. ரெஃப்ரி கோல் குடுத்துட்டான். ஏம்பா குடுத்தேன்னு கேட்டா, 'செம த்ரோ சார்'ங்கிறான்."

கோடு பார்க்கும் துணை நடுவர்களில் மூத்தவர் கஸ்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தேநீர் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார்.

"நல்ல த்ரோவாத்தான் இருந்துருக்கும் சார். பாவம், அவனுக்கு மனசு கேட்டுருக்காது."

"சிரிக்காதே. இந்த லீக் தரம் இப்படி இருக்கிறதுக்கு அதுதான் காரணம். பிளேயருக்கு ரூல் தெரியாது, டிவி கமெண்ட்ரி தெரியும். ரெஃப்ரிக்கு அதுவும் தெரியாது."

"மேல டிவிஷன்ல கேமரா கீது, நாலாவது ரெஃப்ரி கீது. இங்க இன்னா சார் கீது? அதோ, கோல் லைன்ல நின்னு பாத்துகினு கீதே, அந்த ஆடுதான்."

இன்னொரு துணை நடுவர் பிராங்கிளின் இதற்குச் சிரித்தான். கூரியர் கம்பெனியில் வேலை செய்கிறவன். இது அவனுக்கு முதல் சீசன். செங்குட்டுவன் சிரிக்கவில்லை.

"அங்க தப்பு பண்ணா மறுநாள் ஊரே பேசும். இங்க தப்பு பண்ணா யாருக்கும் தெரியாது. அதான் வித்தியாசம்." பிறகு மெர்லின் பக்கம் திரும்பினார். "உனக்கு ரூல் தெரியும்மா. பாதி மேட்சை நல்லா பண்ணியிருக்கே. மீதியையும் சிக்கல் இல்லாம முடிச்சிடு, போதும்."

அவள் ஆறிப்போன தேநீரைத் தரையில் ஊற்றிவிட்டு மைதானத்துக்குள் போனாள்.

திருவொற்றியூர் சீஷோர் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. வியாசர்பாடி பேசின் பாய்ஸ் டிரா செய்தால் இந்த டிவிஷனில் தங்கலாம், தோற்றால் கீழே இறங்க வேண்டும். இரண்டாம் பாதி முழுவதும் பேசின் பாய்ஸ் முட்டிக்கொண்டே இருந்தார்கள். மெர்லின் தேவைக்கு அதிகமாக ஓடினாள். நின்றால் யோசனை வந்துவிடும் போலிருந்தது.

கூடுதல் நேரத்தில், ஆட்டம் முடியும் தறுவாயில் அது நடந்தது. சீஷோர் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பதறிப்போய்ப் பந்தைத் தன் கோல்கீப்பர் சுடலைராஜிடமே காலால் தள்ளினான். சுடலைராஜ் அதைக் கையால் எடுத்துவிட்டான். சொந்த அணிக்காரன் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தை, அதாவது பேக் பாஸை, கீப்பர் கையால் தொடக் கூடாது. தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக், ஆனால் இன்டைரக்ட். அதாவது, அடிக்கிறவன் நேராகக் கோலுக்குள் அடித்தால் செல்லாது; இன்னொருவர் மேல் பட்டுத்தான் போக வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும்படி நடுவர் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருப்பார்.

மெர்லின் விசில் ஊதினாள். கையைத் தூக்கினாள்.

சீஷோர் ஆட்கள் சுவர் மாதிரி வரிசையாகப் பந்துக்கு மிக அருகில் வந்து நின்றார்கள். பின்னால் போகச் சொன்னாள், போகவில்லை. இரண்டு கைகளாலும் தள்ளுவதுபோல் காட்டி நகர்த்தினாள். அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு டிரெய்லர் போக, கண்ணில் புழுதி விழுந்தது. புறங்கையால் துடைத்தாள். பின்வாங்கி நின்று விசிலை ஊதினாள்.

பேசின் பாய்ஸ் கேப்டன் எழிலன் ஓடிவந்து நேராகக் கோலுக்குள் அடித்தான். சுடலைராஜ் இரண்டு கைகளையும் உயர்த்தி, "இன்டைரக்ட்டு! இன்டைரக்ட்டு!" என்று கத்திக்கொண்டே பந்துக்கு வழிவிட்டு ஒதுங்கினான். வலை அதிர்ந்தது.

"கோலு! வெரல்ல பட்டுச்சு! கீப்பர் வெரல்ல பட்டுச்சு!" என்று பேசின் பாய்ஸ் ஓடிவந்தார்கள்.

படவில்லை. மெர்லின் பக்கத்தில் இருந்து பார்த்தாள். கோல் இல்லை, சீஷோருக்குக் கோல் கிக் என்று கை காட்டினாள். ஓரத்தில் நின்ற கூட்டம் உள்ளே வரத் தொடங்கியது. சிக்கல் இல்லாமல் முடிய வேண்டும். கடிகாரத்தில் இன்னும் அரை நிமிடம் மிச்சமிருந்தும் அவள் இறுதி விசிலை ஊதிவிட்டாள்.

காட்டிய கையை இறக்கும்போதுதான் உறைத்தது. எழிலன் அடித்தபோது அந்தக் கை எங்கே இருந்தது? இடுப்பருகே.

கால்கள் தம்பாட்டுக்கு வெளியே போகும் வழியில் நடந்துகொண்டிருந்தன. கோட்டுக்கு அந்தப் பக்கம் செங்குட்டுவன் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்.

"வாம்மா வெளியே. அழகா முடிச்சிட்டே."

அவள் நின்றாள். கோலமாவு கலைந்த இடம். கோடு தன் ஷூவுக்கு முன்னால் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா என்று பார்த்தாள். முன்னால்தான் இருந்தது. சட்டென்று திரும்பி மைதானத்தின் நடுவுக்கு நடந்தாள்.

கஸ்பாரும் பிராங்கிளினும் அவளிடம் ஓடிவந்தார்கள். பிராங்கிளின்தான் முதலில் பேசினான்.

"அக்கா, அவன் அடிக்கும்போது உங்க கை கீழ இருந்துச்சு. நான் பாத்தேன். கை கீழ இருந்தா டைரக்ட் ஆயிடும்ல? அப்போ கோல்தானே?"

"இன்னாடா பேசற?" என்றார் கஸ்பார். "கைய தூக்குனாலும் தூக்காட்டியும், கைய பாக்கெட்ல வெச்சுகினு நின்னாலும் பேக் பாஸ்னா இன்டைரக்ட்டுதான். கோல் கிக் கரெக்ட்டு. வா மெர்லினு, போலாம்."

"ரெண்டும் இல்லண்ணா. திரும்ப அடிக்க விடணும்," என்றாள் மெர்லின்.

"இன்னாது?"

"ரெஃப்ரி கை தூக்காம விட்டு, பந்து நேரா உள்ள போச்சுன்னா அந்தக் கிக்கைத் திரும்ப எடுக்கணும். பதிமூணாவது ரூல்."

"மேட்ச் முடிஞ்சுபோச்சு. விசில் ஊதிட்ட."

"ஊதிட்டேன். ஆனா அந்தக் கோல் கிக்கை இன்னும் எடுக்கல. நானும் இன்னும் வெளிய போகல. அதுவரைக்கும் மாத்தலாம்."

கஸ்பார் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "நான் போலாமா?"

"நீ போலாம். நான்தான் போகக் கூடாது."

"சரி, டைம்? பெனால்டிக்கு மட்டும்தான் டைமை நீட்டலாம், ஃப்ரீ கிக்குக்கு முடியாது. அவ்ளோ ரூல் எனக்கும் தெரியும்."

அவள் மணிக்கட்டைக் காட்டினாள். "டைமே முடியலண்ணா. கூட்டம் வர்றதைப் பாத்து முன்னாடியே ஊதிட்டேன்."

கஸ்பார் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளை நெருங்கினார். குரல் தணிந்தது.

"சுத்திப் பாரு. எவனாவது உன் கைய பத்திப் பேசறானா? அவன் வெரல்ல பட்டுச்சுன்றான், இவன் படலன்றான். அவரே பாக்கல, தண்ணி பாட்டிலோட சிரிச்சுகினு நிக்கறாரு. பேசாம வெளிய போயிடு. இது உன் லைஃபு, மெர்லினு. இந்த நாலாவது டிவிஷன்ல எவன் வந்து கேக்கப் போறான்?"

அவள் விதியின் வாசகத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'எடுக்க வேண்டும்' என்று இருக்கிறதா, 'எடுக்கலாம்' என்றா? தேர்வுக்குப் பத்துத் தடவை படித்த வரி இப்போது நழுவியது. மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். வேண்டும் என்றுதான் வந்தது.

"மெர்லின்!" என்று கோட்டுக்கு வெளியே இருந்து செங்குட்டுவன் மறுபடி கூப்பிட்டார்.

அதற்குள் இரண்டு அணிகளும் அவளைச் சூழ்ந்துகொண்டன.

"சத்தியமா வெரல்ல பட்டுச்சுக்கா!" எழிலன் கிட்டத்தட்ட அழுதுவிடுவான் போலிருந்தது. "நீயே சொல்லுக்கா, பந்து திரும்பிச்சா இல்லியா?"

"நான் தொடவே இல்ல மேடம், பாத்துக்கிடுங்க," என்றான் சுடலைராஜ். தூத்துக்குடியிலிருந்து வந்து அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவன். "சும்மா போட்டுப் பாக்கான்."

எழிலன் கேட்பது தப்பான கேள்வி. அதற்கு 'படவில்லை' என்பதுதான் சரியான பதில். அதைச் சொல்லிவிட்டு அவள் போய்விடலாம். அவனுக்குச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை என்பதற்காக அவன் அணி கீழே இறங்கும். அவள் மேலே போவாள்.

விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினாள்.

"ஃப்ரீ கிக் திரும்ப எடுக்கணும். எல்லாரும் இடத்துக்குப் போங்க."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஏல, மேட்ச்சு முடிஞ்சிற்றுல்லா!"

"இன்னா மேடம், காமெடி பண்றியா? கோல் குடுன்னா திரும்ப அடிங்கற!"

அடுத்த ஆட்டத்துக்காக ஓரத்தில் காத்திருந்தவர்கள் வேறு குரல் கொடுத்தார்கள். "எங்க மேட்ச்ச எப்ப வுடுவீங்கபா? பொழுது போய்கினே கீது!"

"யாரு மேடம் கேட்டா இத?" என்றான் சுடலைராஜ். "அவனே கேக்கலியே."

"யாரும் கேக்கல. இன்டைரக்ட்டுக்கு நான் கை தூக்கியிருக்கணும், தூக்கல. என் தப்பு."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். கஸ்பார் தலையை ஆட்டிக்கொண்டே கொடியை எடுத்துக்கொண்டு கோட்டுப் பக்கம் ஓடினார். ஷூவைக் கழற்றிவிட்டுக் குழாயடிக்குப் போயிருந்த ஒருவனைத் திரும்ப அழைத்து வர வேண்டியிருந்தது. அவன் லேஸ் கட்டி முடிக்கும் வரை மெர்லின் கோட்டுக்கு வெளியே பார்க்கவில்லை.

இந்த முறை சுவரை வாயால் சொல்லியே நகர்த்தினாள். கையை உயர்த்தி அப்படியே வைத்திருந்தாள். எழிலன் நேராக அடிக்கவில்லை. பந்தைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டினான். பின்னால் இருந்து வந்தவன் அதை ஓங்கி அடித்தான். சுடலைராஜின் உள்ளங்கையில் பட்டும் நிற்காமல் பந்து உள்ளே போனது.

மீண்டும் மையத்திலிருந்து ஆட்டம் தொடங்கி, மிச்சமிருந்த நொடிகள் ஓடி, அவள் இரண்டாவது முறையாக இறுதி விசிலை ஊதினாள். ஒன்றுக்கு ஒன்று.

எழிலன் வேர்வையும் புழுதியுமாக வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "தேங்க்ஸ்க்கா. மொதல்ல அடிச்சதையே குடுத்துருந்தீன்னா இந்தப் பேஜாரே இல்லல்ல?"

சுடலைராஜ் கையுறையைத் தரையில் அடித்துவிட்டுப் போனான். "ரூலு தெரியாத ஆள ரெஃப்ரியா போட்டா இப்பிடித்தான். என்ன டிவிஷனோ!"

மெர்லின் கோட்டைத் தாண்டினாள். செங்குட்டுவன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் எழுதவில்லை.

"நான் கவனிக்கலைம்மா," என்றார். "நீ அப்பவே வெளியே வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும் சார்."

"இப்போ சிக்னல் தப்பு. டைம் தப்பு. அதுவும் மேட்ச் முடிவையே மாத்தற இடத்துல. இதை விட்டுட்டு நான் எழுத முடியாது."

"திருத்திட்டேனே சார்."

"திருத்தினதையும் எழுதுவேன். ஆனா மார்க் அதுக்கு இல்லை."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்."

அவர் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக் குடிக்காமல் முகத்தில் ஊற்றிக்கொண்டாள். கண்ணில் இருந்த புழுதி இன்னும் உறுத்தியது. "மேல டிவிஷன்ல இருக்கறவங்க எத்தனை பேர் சார் கோட்டுக்கு உள்ளயே நின்னிருப்பாங்க?" என்று கேட்க வாயெடுத்தாள். அவர் குனிந்து எழுதத் தொடங்கியிருந்தார்.

அடுத்த ஆட்டத்துக்கு கஸ்பார் நடுவர், அவளும் பிராங்கிளினும் கோடு. ஓய்வுக்கு நேரமில்லை. கொடியை வாங்கிக்கொண்டு தன் பக்கத்துக்குப் போனாள். இரண்டு அணிகளும் நின்றாயிற்று, பந்து மையத்தில் வைத்தாயிற்று. கஸ்பார் மட்டும் விசிலை ஊதாமல் அவளிடம் நடந்து வந்தார். காலரில் இருந்த வேர்வையைத் துடைத்தார்.

"மெர்லினு, கோச்சுக்காத. அந்தப் பதிமூணாவது ரூல்ல கைய எதுவரைக்கும் தூக்கி வெச்சிருக்கணும்? பந்து வெளிய போய்ட்டா இறக்கலாம்ல?"

"இறக்கலாம்ண்ணா."

"கரெக்ட்டா தெரியுமா?"

"ஊதுண்ணா, வெளிச்சம் போகுது," என்றாள். அவர் திரும்பி மையத்தை அடைவதற்குள் கோட்டோரமாக மேலும் கீழும் ஓடத் தொடங்கியிருந்தாள்.