நடுங்காத துடுப்பு

1

இந்தக் கதையில் முக்கால் பங்கு நானாகக் கட்டியது. மீதிக் கால் பங்கு லிப்டுக்குள் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை காலை கீழே போவதற்காக மூன்றாவது மாடியில் நின்றிருந்தேன். கதவு திறந்தது. உள்ளே இரண்டு பேர். அவர்களுக்கு நடுவே, தரையின் ஒரு மூலையிலிருந்து கூரையின் எதிர் மூலைக்குச் சாய்த்து வைத்த நீளமான கறுப்புக் குழாய். உருண்டை மூக்கு, வாலில் விசிறி, முதுகில் சின்னக் கோபுரம். ரேடியோவால் ஓட்டும் நீர்மூழ்கிக் கப்பல்.

"ஒடுங்கி நின்னா வரலாம்" என்றார் இருவரில் மூத்தவர். ஒடுங்கி நின்றேன். அவர் மற்றவரிடம் உற்சாகமாகச் சொன்னார்: "பாத்தீங்களா மாப்ளே, கோளாறு மோட்டார்லதான் இருந்திருக்கு."

மாப்பிள்ளை மாடி எண்கள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல செய்தி கேட்ட முகமாக அது இல்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை எழுத வேண்டியிருந்திருக்காது.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

'கடலின் ஆழம் மனித மனத்தைப் போல...' (வேண்டாம். இந்தக் கதையில் கடலே இல்லை. இரண்டு ஆள் ஆழமுள்ள ஒரு குளம்தான்.)

'சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கப்பல் என்றால்...' (எனக்குத் தெரியாது.)

'கப்பலின் நீளத்தை லிப்ட்தான் முடிவு செய்தது.'

இது நிற்கட்டும். மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக் என்று வைத்துக்கொள்கிறேன். வீடு ஆறாவது மாடியில். இருவரும் முதலில் கட்டிய கப்பல் ஐந்தடி. கழுத்துவரை முங்கிவிட்டு அதற்குமேல் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. வயிற்றில் தண்ணீர் ஏற்றும் தொட்டி போதவில்லை. குழாயை நடுவில் அறுத்து, பெரிய தொட்டியாக வைத்து ஒட்ட வேண்டும். எவ்வளவு நீட்டலாம்? மெக்கானிக் கீழே போய் லிப்டை மூலைக்கு மூலை அளந்துவிட்டு வந்தார். எட்டடி இரண்டு அங்குலம். கப்பலுக்கு எட்டடி, மரியாதைக்கு இரண்டு அங்குலம்.

லிப்டில் பேசிய மூத்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். பல் செட் செய்கிறவர். மூக்கை ஏற்றி இறக்கும் துடுப்புகளைப் பல் செட்டுக்கான பிசினிலேயே வார்த்துக் கொண்டுவந்தார். நிறம் அசல் ஈறு.

"பெயின்ட் அடிக்கிற வரைக்கும் உங்க கப்பல் இளிச்சுக்கிட்டேதான் இருக்கும் மச்சான்."

"உங்க ஜாடை மாப்ளே. குடும்பக் கப்பல்னா அப்படித்தான்."

3

சாப்பாட்டு மேசையில் சோதனை. கப்பல் மரத் தாங்கியில். அதை ஓட்டும் ரேடியோ செட் மச்சான் கையில். குச்சியைத் தள்ளினால் துடுப்பு சாய வேண்டும். சாய்ந்தது. ஆனால் சும்மா இருக்கும்போதும் நடுங்கியது, குளிரில் நிற்கிற கோழிக்குஞ்சு மாதிரி.

துடுப்பைத் திருப்புவது விரல் அளவு மோட்டார் ஒன்று. மெக்கானிக் அதை மாற்றினார். நடுங்கியது. வயரை மாற்றினார், ஏரியலை மாற்றினார், மோட்டாரை இரண்டாம் முறையும் மாற்றினார். அத்தனை நேரமும் மச்சான் செட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு டீ வந்தது. மச்சான் செட்டை மேசையில் வைத்தார். துடுப்பு நின்றது. டீயைக் குடித்துவிட்டு எடுத்தார். நடுங்கியது.

அப்போதுதான் மெக்கானிக் மோட்டாரை விட்டுவிட்டு மச்சானின் கையைப் பார்த்தார்.

(இந்த இடத்தில் அவர் ஏதாவது சொல்வார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். 'மச்சான், உங்க கை' என்று எழுதி அடித்தேன். அவர் சொல்கிற ஆள் இல்லை.)

மச்சான் வீட்டுக்குப் போனபின் மனைவிதான் சொன்னாள். "அண்ணி போன வாரமே சொன்னாங்க. செஞ்ச பல் செட் ரெண்டு திரும்பி வந்துடுச்சாம். திங்கக்கிழமை நரம்பு டாக்டரப் பாக்க நேரம் வாங்கியிருக்காங்க. அவரைச் சம்மதிக்க வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சாம். நீங்க எதுவும் கேட்டு வைக்காதீங்க."

"நான் என்ன கேக்கப்போறேன்."

"கேக்க மாட்டீங்க. ஏதாவது ரிப்பேர் பண்ணுவீங்க."

4

ரிப்பேர்தான் பண்ணினார். அந்தச் செட்டில் சின்னத் திரை ஒன்று உண்டு. குச்சி நடுவில் லேசாக அசைந்தால் பொருட்படுத்தாதே, நன்றாகத் தள்ளினால் மட்டும் கேள் என்று அதில் சொல்லி வைக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை சொல்லி வைத்தார். நாளைக்குக் குளக்கரையில் நாலு பேர் பார்க்கும்போது மச்சான் ஓட்டும் கப்பல் நேராகப் போகட்டும். அவ்வளவுதான் அவர் நினைத்தது.*

சனிக்கிழமை காலை மச்சான் செட்டைக் கையில் எடுத்தார். துடுப்பு அசையாமல் நின்றது. வெகுநேரம் அதைப் பார்த்தார். கண் ஈரமாயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். டீ சிந்தினால் கோப்பை சூடு என்பார் மச்சான். பல் செட் திரும்பி வந்தால் புதுப் பிசின் சரியில்லை என்பார். எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தவருக்கு, சாக்கு எடுபடாத ஒரே சாட்சி அந்தத் துடுப்புதான். அது இப்போது அவர் பக்கம் பேசிவிட்டது: கோளாறு மோட்டாரில்தான், கையில் இல்லை.

அந்த மகிழ்ச்சியோடுதான் இருவரும் லிப்டில் இறங்கினார்கள். நடுவில் நானும் ஏறினேன்.

* எழுத உட்காரும்முன் கை கூப்புவது என் வழக்கம். யாருக்கும் தீங்கு வராமல் எழுத வேண்டும் என்று. என் கதைகளில் சின்ன உதவி செய்தவர் எவரும் இதுவரை அதனால் கெட்டதில்லை. இவரையும் அந்த நம்பிக்கையில்தான் திரையைத் தொட விட்டேன். கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் ஒரு மனிதரை டாக்டரிடமிருந்து தள்ளி நிறுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

5

குளம். கப்பல் மூக்கைத் தாழ்த்தி, பிசிறில்லாமல் முங்கியது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"எப்படி மாப்ளே?"

"ஜோரா இருக்கு மச்சான்."

எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின.

முதலாவது: மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. அன்றைய நாள் அழகாக முடிகிறது. திங்கட்கிழமை டாக்டர் வேறு யாரையோ பார்க்கிறார்.

இரண்டாவது: சொல்லிவிடுகிறார். மச்சான் செட்டைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கிறார். டாக்டரிடம் போவார்; கப்பல் கட்டிய அந்தச் சாப்பாட்டு மேசைக்கு மறுபடி வருவாரா, தெரியாது.

மூன்றாவது: 'கப்பல் திடீரென்று...' (இல்லை. கப்பலை உடைத்து நான் தப்பிக்கக் கூடாது.)

இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது மச்சான் பேசுகிறார்.

"மாப்ளே, இதைக் கொஞ்சம் பிடிங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, திங்கக்கிழமை வரலைன்னு சொல்லிடறேன். பாவம், வேற யாருக்காவது அந்த நேரம் உதவும்."

செட் மெக்கானிக்கின் இடது கைக்கு வருகிறது. மச்சான் போனில் எண்ணை அழுத்துகிறார். விரல் பக்கத்து எண்ணில் விழுகிறது. அழிக்கிறார். மறுபடி அழுத்துகிறார். மறுபடியும்.

"கண்ணாடி கொண்டுவரல. நீங்களே போட்டுக் குடுங்களேன், புண்ணியமாப் போகும்."

போன் வலது கைக்கு வருகிறது. மெக்கானிக் எண்ணைப் போட்டுவிட்டார். பச்சைப் பொத்தானைத் தொடுவது மட்டும் பாக்கி. மச்சான் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறார்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிந்த நல்லதெல்லாம் கேட்டதைச் செய்து கொடுப்பதுதான். இங்கே அது போதவில்லை. என்ன சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். பேட்டரி இன்னும் இருபது நிமிடம் வரும். கப்பல் அதுவரை கீழேயே இருக்கும். அவசரமில்லை, ஆனால் கனிவாகச் சொல்லுங்கள்.